புதுக் கைகளைத் தேடி அலைந்த வேலை

நான் எழுதிப் பழகியவள் இல்லை. தமிழ்ப் பள்ளியில் தொடக்கப் படிப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் முன்போல் இல்லை. எந்த வருஷம் முதலில், எது பிறகு என்று குழம்பிவிடுகிறது. சொல் தடுமாறினால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இதை எழுதச் சொன்னது என் தம்பி மகள் வள்ளி. வீட்டுக்கு வந்தவள் கைப்பேசியைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். இந்த வருஷத்தின் சிறந்த வீடியோ கேம் எதுவென்று யாரோ பொறுக்கிப் போட்டிருக்கிறார்களாம், ஒன்றுகூடச் சரியில்லையாம்.

"யாரு பொறுக்கினாங்க?" என்றேன்.

"எல்லாம் நாள் பூரா அதையே விளையாடுறவங்க அத்தை. எக்ஸ்பர்ட்ஸ்."

"அப்ப சரியா வராது."

அவள் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்? ரிமோட்டையே தலைகீழாப் பிடிப்பீங்களே."

அப்போதுதான் அவளிடம் சொன்னேன், ஒரு காலத்தில் அந்த வேலையைத்தான் நான் செய்தேன் என்று. அவள் நம்பவில்லை. முழுவதும் கேட்ட பிறகு, எங்கள் வட்டாரக் குடியிருப்பாளர்கள் வெளியிடும் மலருக்கு இதை எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

எழுபதுகளின் கடைசியில், இங்கே சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன். நாங்கள் அப்போது தேக்காவுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம், நடந்தே போய்விடலாம். கீழே கடை. மேல்மாடியில் சரக்கு அறையும் இன்னொரு நீளமான அறையும் இருந்தன. முதலாளியைத் தவுக்கே என்போம், அவர் சீனர். ரேடியோவும் கடிகாரமும் விற்றுக்கொண்டிருந்தவர், டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகளை அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து இறக்க ஆரம்பித்திருந்தார். பெட்டியில் செருகுவதை நாங்கள் கேசட் என்போம். ஒரு கேசட்டுக்கு ஒரு விளையாட்டு.

வருஷா வருஷம் தீபாவளி முடிந்ததும் கடையின் முன்கண்ணாடிக்குள் ஆறு விளையாட்டுகளை அடுக்கி, இந்த வருஷத்தின் சிறந்தவை என்று ஆங்கிலத்தில் பலகை வைப்பார்கள். காத்தோங்கில் கடை வைத்திருப்பவர்கள், தோ பாயோவில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் சரக்குச் சொல்வார்கள். அதனால் அந்த ஆறு எவை என்பது சின்ன விஷயமில்லை. அதைப் பொறுக்கும் பொறுப்பு மேல்மாடியில் இருந்த சவரிமுத்து சாருடையது.

சவரி சார் கத்தோலிக்கர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும், அதை வைத்துத்தான் கோபம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சரக்கு அறைப் பையன்களை "தயவுசெஞ்சு" என்று கூப்பிட்டாரானால் அவர்கள் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

சேர்ந்த சில நாளில் நான் மேலே டிவிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கியம்மா, இதை இதுக்கு முன்ன தொட்டிருக்கீங்களா?"

"துடைச்சிருக்கேன் சார்."

"விளையாடி?"

இல்லையென்று தலையாட்டினேன். நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கறுப்புத் திரையில் இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும் இருந்தன. கையில் ஒரு திருகுப் பிடியைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். நான் திருக, கோடு நகர்ந்தது. புள்ளி வந்து மோதித் திரும்பியது. அவ்வளவுதான் விளையாட்டு. நடுவில் அவரே ஒரு கோப்பை தேநீர், எங்கள் பேச்சில் தே, போட்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். முதலாளி மாதிரி இருப்பவர் எனக்குத் தே போட்டு வைக்கிறாரே என்று எனக்குக் கூச்சம். ஒரு வாய் வைத்துப் பார்த்து, அதற்கு மேல் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, "ஆறிப்போச்சு" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பிறகுதான் விளக்கினார். விளையாட்டு நல்லதா என்பதை அதை விளையாடித் தேர்ந்தவர்கள் சொல்லக் கூடாது. தொட்டே பார்க்காத ஒருவரை உட்காரவைக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அவர் வைத்த பெயர் புதுக் கை. புதுக் கை உட்கார்ந்ததும் சூடான தே வைக்க வேண்டும். அதைக் குடித்துவிட்டால் விளையாட்டு அவரைப் பிடிக்கவில்லை. ஆறிப்போய் மேலே ஆடை படிந்தால் பிடித்துவிட்டது. நன்றாக இருக்கிறதா என்று வாயால் கேட்டால், வந்தவர்கள் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். தேநீருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சார், அந்தத் தேயை வாயில வைக்க முடியல. அதான் ஆறிப்போச்சு."

அவர் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. சரி, திரும்பச் சோதிக்கலாம் என்றால் முடியாது. என் கை அதற்குள் பழைய கை ஆகிவிட்டது. ஒரு மனிதர் ஒரு தடவைதான் புதுக் கை. மறுநாளிலிருந்து தே போடுவது என் வேலையானது. டின் பாலில் ஆடை சரியாகப் படியாது, பசும்பால் வேண்டும் என்று நான் சொன்னதை ஒத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் ஆள் தேடுவதும் என் வேலையாகிவிட்டது. துடைப்பத்தை வேறொரு அக்காவிடம் கொடுத்தார்கள்.

அந்த அறையின் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆள் வருவதற்கு முன்பே டிவியைப் போட்டுவைக்க வேண்டும், கேசட் செருகுவதை அவர் பார்க்கக் கூடாது. சுவர்க் கடிகாரம் கிடையாது. விளையாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது, எதைச் சுட வேண்டும், எதற்குத் தப்ப வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. சவரி சார் சொல்வது ஒன்றே ஒன்று: "வச்சுக்குங்க. என்ன தோணுதோ செய்யுங்க." பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வார். திரையைப் பார்க்கமாட்டார். முதல் தடவை தோற்றதும் வந்தவரின் கை பிடியை விடுகிறதா, விடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தத் தோல்வியின்போதுதான் நான் தேயைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. வந்தவர் போன பிறகும் கோப்பையை எடுக்கக் கூடாது, அந்தந்த டிவியின் மேல் சாயங்காலம்வரை இருக்கும். வேலை முடிகிற நேரத்தில் சார் எல்லாக் கோப்பைகளையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார், கோயிலில் மெழுகுவத்தி சரிபார்க்கிறவர் மாதிரி.

ஆள் தேடுவதுதான் எனக்குப் பெரிய பாடு. முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசவே எனக்கு வராது. தேக்காவில் பூக்கட்டும் சரசு அக்காவிடம் போய் நின்றுகொண்டே இருப்பேன், அவராகக் கேட்கும்வரை.

"என்ன பாக்கியம், மறுபடி ஆள் பிடிக்கவா? புள்ள பிடிக்கிறவ மாதிரி வந்து நிக்கிறியே" என்பார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சுடும். ஆனால் சரசு அக்கா வந்தார். அவர் கை பூக்கட்டிப் பழகிய கை, கண் பார்க்க வேண்டியதே இல்லை. திரையைப் பார்க்காமல் என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே விளையாடினார், தேயையும் குடித்தார், இன்னொன்று கேட்டும் வாங்கிக் குடித்தார். அந்த விளையாட்டு கண்ணாடிக்குள் போகவில்லை.

சவரி சாரின் தேவாலயத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். சுட்டு விழுகிற ஒவ்வொன்றுக்கும் "ஐயோ பாவம்" என்றார். என் வீட்டுக்காரர் அப்போது சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்தார். அவரோடு வேலை செய்த ஒருவரைக் கூட்டி வந்தேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த மனிதர், பிடியைக் கையில் வைத்தபடியே தூங்கிவிட்டார். தே நன்றாக ஆறி ஆடை படிந்தது. சவரி சார் அந்தக் கோப்பையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதைச் சேர்த்துக்க முடியாது பாக்கியம்மா" என்றார்.

இப்படிச் சில வருஷம் நன்றாகப் போனது. எண்பதுகளில் கேசட்டுகள் மாதத்துக்கு மாதம் வந்து குவிய ஆரம்பித்தன. புதுக் கை கிடைப்பது குறைந்தது. ஒரு வருஷம் நேரமில்லாமல் போய், சவரி சாரும் நானும் சரக்கு அறை ஆட்களுமே உட்கார்ந்து பொறுக்கினோம். எல்லாருமே பல வருஷம் அந்த அறையில் கிடந்தவர்கள். ஒரு விளையாட்டு எங்களை அப்படியே பிடித்து உட்காரவைத்துவிட்டது. குகைக்குள் ஓடுகிற விளையாட்டு. எங்கள் அத்தனை பேர் தேயும் ஆறிப்போனது. அதை முதல் இடத்தில் வைத்தோம்.

கிறிஸ்மஸ் முடிந்ததும் அது திரும்பி வர ஆரம்பித்தது. தகப்பன்மார் கேசட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இது கெட்டுப்போன சரக்கு, என் பிள்ளை தொட்டவுடனே திரையில் ஆள் செத்துவிடுகிறான் என்றார்கள். சரக்குக் கெடவில்லை. எங்கள் கைகள்தான் பழகிப்போய்க் கெட்டிருந்தன. எங்களுக்கு அப்போதெல்லாம் கஷ்டமானதுதான் ருசித்தது. வாங்குகிற ஜனங்கள் அந்தக் குகையின் வாசலையே தாண்டவில்லை. திரும்பி வந்த கேசட்டுகளை வைக்கும் அலமாரி நிரம்பி வழிந்தது.

தவுக்கே மேலே ஏறி வந்தார். சவரி சாரிடம் ஆங்கிலத்தில் பேசினார். சார் ஒவ்வொன்றுக்கும் "யெஸ் சார், தேங்க் யூ சார்" என்று சொன்னதிலேயே எவ்வளவு வலித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தவுக்கே போன பிறகு எனக்குச் சொன்னார். அடுத்த தடவை பொறுக்கும்போது தவுக்கேவே வந்து உட்காருவார். அதுவும் தப்பாகிவிட்டால் இந்த அறை ரேடியோ வைக்கப் போய்விடும். சரக்கு அனுப்புகிறவர்கள் எதை நல்லது என்கிறார்களோ அதையே கண்ணாடிக்குள் வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது, கூட்டித் துடைக்கிற வேலை எங்கேயும் உண்டு. ஆனால் ஒரு மனிதரை உட்காரவைத்து, அவருக்கு எது பிடிக்கிறது என்று பார்க்கிற வேலையை யார் தருவார்கள்? சவரி சாருக்கு இன்னும் மோசம். ஐம்பது தாண்டிய மனிதர். அவர் செய்த வேலைக்கு வேறெங்கும் பெயரே கிடையாது.

அந்த வருஷம் ஆள் தேடும்போது எங்கள் கை எதிலும் படக் கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரக்கு வந்தால் பிரித்துச் செருகுவதோடு சரி. நான் தஞ்சோங் பகார் போனேன். என் வீட்டுக்காரர் சாங்கிக்குப் போவதற்கு முன் அங்கே துறைமுகத்தில் இருந்தவர். அவருக்குத் தெரிந்த முனியாண்டி அண்ணன் ஓய்வு பெற்று அங்கேயே அடுக்குமாடி வீட்டில் இருந்தார். டிவியே இல்லாத வீடு. புதுக் கைக்கு அதைவிட என்ன வேண்டும்? அவரும், அவரோடு கப்பலில் வேலை பார்த்த இரண்டு பேரும் வருவதாகச் சொன்னார்கள்.

கடைசித் தேர்வு நாள். தவுக்கே வந்து நடுவில் உட்கார்ந்தார். சரக்கு அனுப்பும் கம்பெனியின் ஆள் ஒருவரும் கழுத்துப் பட்டையோடு வந்திருந்தார். அன்று காலையில்தான் அவர் ஒரு கேசட்டைப் பிரிக்காமல் கொண்டுவந்தார். அவர்களுடைய அந்த வருஷத்துப் பெரிய விளையாட்டு அது, முதல் இடம் அதற்குத்தான் என்பது அவர் பேச்சு. அதை ஒரு டிவியில் போட்டோம். பக்கத்து டிவியில் மீன் விளையாட்டு. அது வேறு புதுக் கைகளிடம் நன்றாக வந்திருந்தது, ஆனால் சவரி சார் இன்னும் முடிவு சொல்லவில்லை.

கம்பெனிக்காரரின் விளையாட்டில் ஒரு கப்பல். கரையிலிருந்து பெட்டிகளைத் தூக்கிக் கப்பலுக்குள் இறக்க வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு பிடி. ஒன்று தூக்க, ஒன்று நகர்த்த.

முனியாண்டி அண்ணன் உட்கார்ந்தார். சவரி சார் வழக்கமான வார்த்தையைச் சொன்னார்.

"உடைஞ்சா என்னங்க பண்றது?" என்றார் அண்ணன்.

"உடையட்டும் ஐயா."

அண்ணன் இரண்டு பிடியையும் தொட்டார். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி அசைத்தார். பிறகு பெட்டிகள் பறக்க ஆரம்பித்தன. ஒன்றுகூடக் கடலில் விழவில்லை. பின்னால் நின்ற கூட்டாளி, "டேய் முனியாண்டி, ஓவர்டைம் உண்டான்னு கேட்டுக்கோ" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று பேருமே கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சு இயந்திரம் ஓட்டினவர்கள். கப்பல் தளத்தில் இரண்டு விஞ்சுக்கும் நடுவில் நின்று, இரண்டு கையாலும் இரண்டு பிடியை ஆட்டி, ஆயுசு முழுக்கச் சரக்கு இறக்கினவர்கள். இந்த விளையாட்டுக்கு மட்டும் அவர்கள் புதுக் கையே இல்லை.

அடுத்த இரண்டு பேரும் அதே மாதிரிதான். தோற்றால்தானே நான் தே வைக்க முடியும்? யாரும் தோற்கவில்லை. சார் கண்ணால் சொன்னதால் நானே வைத்தேன். மூன்று பேருமே ஒரு பிடியைச் சும்மா நிறுத்திவைத்துவிட்டு, மறு கையால் தேயை எடுத்துச் சூடாகக் குடித்தார்கள். வேலையில் அப்படித்தான் குடித்திருப்பார்கள். தவுக்கே தொடையைத் தட்டிச் சிரித்தார். கழுத்துப் பட்டைக்காரர் எழுந்து நின்று கை குலுக்கினார். அவர்களைப் பொறுத்தவரை முடிந்தது.

சவரி சார் மெதுவாக, ஒரு தடவைகூடத் தோற்காத கை இன்னும் புதுசுதான், இன்னொன்றையும் பார்த்துவிடலாமே என்றார். அண்ணனை மீன் விளையாட்டின் முன் உட்காரவைத்தோம். அதில் ஒரே ஒரு பிடி. ஒரு சின்ன மீன் வலைகளின் கண்ணுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே போக வேண்டும். வலை திடீரென்று சுருங்கும். மாட்டினால் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்துவிடும். அண்ணனின் மீன் உடனே மல்லாந்தது. நான் தே வைத்தேன். திரும்ப மல்லாந்தது.

"இவனா கப்பல்ல சரக்கு ஏத்துனான்?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"சும்மா இருங்கடா. வலை எங்க சுருங்குதுன்னு பாத்துட்டேன். இன்னொரு தடவ."

இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு கூட்டாளி நாற்காலியைப் பிடித்து இழுத்தார், எழுந்திருடா என் முறை என்று. அண்ணன் எழுந்திருக்கவில்லை. தேயில் ஆடை படிந்து சுருக்கம் விழுந்துவிட்டது.

தவுக்கேவுக்கு இது பிடிக்கவே இல்லை. தோற்றுக்கொண்டே இருக்கிறாரே, காசு கொடுத்துத் தோற்க யார் வருவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார் கோப்பைகளைக் காட்டி ஏதோ சொன்னார். கம்பெனிக்காரர் கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தேயைப் பார்த்தா முடிவு செய்கிறீர்கள் என்ற மாதிரி ஏதோ சொன்னார். சவரி சார் குரலில் மரியாதை ஏறிக்கொண்டே போனது. போன வருஷம் தப்பானவருடைய பேச்சு இந்த வருஷம் எடுபடவில்லை. நான் பேசியிருக்கலாம். தவுக்கேவோடு எனக்கு மலாயில் பேசத் தெரியும். ஆனால் பேசவில்லை.

முனியாண்டி அண்ணன் திரும்பி என்னிடம், "என்னம்மா சண்டை?" என்றார்.

"எது நல்ல விளையாட்டுன்னு சண்டை அண்ணே. தவுக்கே அந்தக் கப்பலச் சொல்றாரு. சார் மீனச் சொல்றாரு."

அவர் பிடியை விடாமலே தவுக்கே பக்கம் தலையைத் திருப்பினார். துறைமுகத்து மலாயில், கப்பல் இருந்த டிவியைக் காட்டி, "இத்து கெர்ஜா, தவுக்கே" என்றார். அது வேலை. பிறகு மீனைக் காட்டி, "இனி மாயின்." இது விளையாட்டு.

அண்ணன் என்னிடம் தமிழில், "அதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லும்மா. இதுக்கு வேணா நான் குடுக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி மீனிடம் திரும்பிவிட்டார்.

இதைத் தவுக்கேவுக்குச் சொல்ல வேண்டியது நான்தான். சவரி சார் சொன்னால் அவர் சொந்தமாகச் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைப்பார்கள். எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னேன். அந்த அறையில் அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

தவுக்கே முனியாண்டி அண்ணனின் முதுகைப் பார்த்தார். பிறகு சவரி சாரிடம் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மீன் முதல் இடம், கப்பல் ஆறாம் இடம் என்று சார் எனக்குச் சொன்னார். மீன் திரும்பி வந்தால் அறை போய்விடும்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் லேசானவை அல்ல. கப்பல் விளையாட்டுக்குக் கம்பெனி பெரிய படம் ஒட்டியிருந்தது. அது விறுவிறுவென்று போனது. மீன் மெல்லத்தான் நகர்ந்தது. சவரி சார் மத்தியானச் சாப்பாட்டை டப்பாவோடு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். நான் கடை ஓரத்தில் நின்று, பை கொண்டு வருகிறவர்கள் எல்லாரையும் பயந்து பயந்து பார்த்தேன். சீனப் புத்தாண்டுக்குப் பெரியவர்கள் சிவப்பு உறையில் கொடுக்கும் அங்பாவ் காசில் பிள்ளைகள் வாங்கிப் போனார்கள். அது முடிந்ததும் கப்பல் திரும்பி வர ஆரம்பித்தது. பையன் ஒரு நாளில் அலுத்துவிட்டான், பெட்டியைத் தூக்கவே வரவில்லை என்றார்கள்.

மீன் வாங்கிய ஒருவர் வந்தார். சவரி சாரே கீழே ஓடிவந்தார். அந்த மனிதர் பையிலிருந்து எடுத்தது கேசட் இல்லை, கைப்பிடி. ஆட்டி ஆட்டிக் கழன்று போயிருந்தது. புதுப் பிடி ஒன்று வேண்டும், வீட்டில் மனைவி காத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். பிறகு அப்படியே பலர். அந்த வருஷம் எங்களிடம் பிடி தீர்ந்து போய் வேறு கடையில் வாங்கிக் கொடுத்தோம். தவுக்கே மேலே வந்தார். சன்னலுக்கு ஒரு புது மின்சாரக் காற்றாடி வாங்கி மாட்டச் சொல்லிவிட்டுப் போனார். அறை எங்களுக்குத்தான் என்று அதற்கு அர்த்தம்.

அறை தப்பியது. ஆனால் அடுத்த தடவை நான் தேக்காவுக்கு ஆள் தேடிப் போனபோது, பூக்கடையில் யாரைக் கேட்டாலும், "அந்த மீன் விளையாட்டா? அக்கா வீட்ல ஆடினேனே" என்றார்கள். சாங்கியில் வேலை முடிந்து வருகிறவர்களும் அதையே சொன்னார்கள். தேவாலயத்து டீச்சரம்மா வாங்கியே வைத்திருந்தார். வெறுங்கையோடு திரும்பி வந்து சாரிடம் சொன்னேன்.

"நாம பொறுக்கினது நல்லாப் போயிடுச்சு பாக்கியம்மா" என்றார். "அதான் ஆள் இல்ல."

நாங்கள் நல்லதைப் பொறுக்கப் பொறுக்க, அது வீட்டுக்கு வீடு போய், ஊரில் இருந்த புதுக் கைகளை எல்லாம் பழைய கையாக்கிவிட்டது. கெட்டதைப் பொறுக்கியிருந்தால் இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கலாம். சவரி சார் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசியாக மிச்சமிருந்த ஒரு புதுக் கை தவுக்கேதான். அவர் விற்கிற சரக்கைத் தானே தொடாத மனிதர். சார் கேட்டதும் முதலில் கோபப்பட்டார், பிறகு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரைப் பிடித்த விளையாட்டு அந்த வருஷம் முதல் இடத்தில் போனது. அதுதான் அந்த அறையில் பொறுக்கிய கடைசி. பிறகு அது ரேடியோ அறையாகவே போய்விட்டது, ஆனால் யாரும் யாரையும் தப்புச் சொல்லவில்லை. சவரி சார் கொஞ்ச நாளில் விலகினார். நான் கீழே கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். சார் இப்போது இல்லை. முனியாண்டி அண்ணனும் இல்லை.

இதில் வருஷங்களை யாராவது சரிபார்க்க வேண்டும். குகை விளையாட்டு எந்த வருஷம், மீன் எந்த வருஷம் என்று எனக்குத் தெரியவில்லை. டிவியில் இரண்டு பிடி ஒரே ஆள் பிடிக்கும் விளையாட்டு எப்போது வந்தது என்றும் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக அந்த மீன் விளையாட்டின் பெயர் வேண்டும். அட்டையில் ஆங்கிலத்தில் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. எங்கள் கை படக் கூடாது என்று சார் சொன்ன வருஷம் அது. பிறகு கண்ணாடிக்குள் இருந்ததும் விற்றுப் போனது. யாரிடமாவது இன்னும் அது இருந்தால் வள்ளியிடம் சொல்லியனுப்புங்கள். அத்தனை பேரை அதன் முன்னால் உட்காரவைத்தேன். நான் ஒரு தடவைகூட அதை விளையாடியதில்லை.